செட்டு இருக்குதுங்களே

போன வாரம், நாங்கள் வழக்கமாக வண்டி விடும் நாமக்கல் பட்டறையில் ஓர் இளம் ஓனர் தன் முதல் லாரிக்கு 10 இஞ்ச் ஆண்ட்ராய்டு செட் (பாட்டுக் கேட்கவும் வழி பார்க்கவும் உதவும் தொடுதிரைப் பெட்டி) மாட்டிக்கொண்டிருந்தார். பூசை போட்ட மாலைகூட இன்னும் வாடவில்லை. எலக்ட்ரீசியன் டேஷ்போர்டுக்குள் தலையை விட்டுக் கிடக்க, அவர் என்னிடம் வந்து, "அண்ணா, இது திருட்டுப் போகாம இருக்க என்ன பண்ணணுங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த நாலைந்து வழிகளைச் சொன்னேன். எல்லாமே நான் செய்து பார்த்தவை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அந்த வழிகளையெல்லாம் செய்து முடித்த பிறகு எங்கள் வண்டியில் என்ன நடந்தது என்பதை அவரிடம் சொல்லாமல் வந்துவிட்டேன். பட்டறைச் சத்தத்தில் அதை நின்று சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்கு இரண்டு வண்டி. ஒன்று அப்பா காலத்து லாரி. இன்னொன்று 2014-இல் சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) எடுத்து, கேபினும் பாடியும் இங்கேயே கட்டிய பத்து வீல் டாரஸ். டாரஸை ஓட்டுகிறவர் அப்பாவிடம் வண்டி பழகியவர், 19 வருடமாக எங்களோடு இருக்கிறார். அவருக்கு நான் தம்பி, எனக்கு அவர் அண்ணன். சேலத்திலிருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு நாக்பூர் போவதும், திரும்பும்போது துவரம்பருப்போ பஞ்சு பேலோ கிடைத்ததை ஏற்றி வருவதும்தான் பெரும்பாலான நடை (டிரிப்). நம் வீட்டில் பாயசத்துக்குப் போடுகிற ஜவ்வரிசியை மகாராஷ்டிரத்தில் விரத நாட்களில் கிச்சடியாகக் கிளறிச் சாப்பிடுகிறார்கள். அந்த விரதங்களை நம்பித்தான் இந்தப் பக்கத்து மரவள்ளிக் காடுகள் பாதி நிற்கின்றன. போக மட்டும் 1,200 கிலோமீட்டருக்கு மேல். அண்ணனுக்கு அந்த ரோடு மனப்பாடம். ஆனால் ஹைதராபாத்தைச் சுற்றிப் போகும் 158 கிலோமீட்டர் அவுட்டர் ரிங் ரோட்டில் ஒருமுறை மழை இருட்டில் எக்ஸிட் மாறி இறங்கிவிட்டார். லாரி நுழையக் கூடாத நேரத்தில் ஊருக்குள் மாட்டி, அபராதம் கட்டி, அரை நாள் போயிற்று. அந்த அரை நாளுக்காகத்தான் செட் வாங்கினேன். பாட்டுக் கேட்க ஏற்கெனவே ஒரு சின்ன செட் இருந்தது. இது வழி காட்டுவதற்கு.

24-க்கும் 12-க்கும் நடுவில்

செட் மாட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதிலும் நான் பணம் கட்டித்தான் கற்றுக்கொண்டேன். கடையில் கிடைக்கும் செட்டுகள் பெரும்பாலும் காருக்குச் செய்தவை, 12 வோல்ட்டில் ஓடுபவை. நம் லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஓடுகிறது. என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 28 வோல்ட் வரை தருகிறது. அதை நேராகக் கொடுத்தால் செட் அந்த நிமிடமே புகைந்துவிடும். இது எல்லாருக்கும் தெரியும். அதனால் பல பட்டறைகளில் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள்: இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுத்து 12 வோல்ட் எடுத்துவிடுவது. எனக்கும் முதலில் அப்படித்தான் செய்து கொடுத்தார்கள். செட் அருமையாக ஓடியது. நாலு மாதத்தில் பேட்டரி போயிற்று.

காரணம் எளிமையானது. ஆல்டர்னேட்டருக்கு இரண்டு பேட்டரியும் ஒன்றுதான், இரண்டின் வழியாகவும் ஒரே அளவு கரண்ட்தான் போகிறது. செட்டோ ஒன்றிலிருந்து மட்டும் உறிஞ்சுகிறது. உறிஞ்சப்பட்ட பேட்டரி முழுசாக ஏறவே ஏறாது. மற்றது தேவைக்கு மேல் ஏறி, உள்ளே இருக்கும் தண்ணீரை வற்ற வைத்துவிடும். கடைசியில் இரண்டுமே கெடும். முறையான வழி 24-ஐ 12 ஆக இறக்கும் கன்வெர்ட்டர். எங்கள் செட்டுக்கு 10 ஆம்பியர் கன்வெர்ட்டர் போதுமானதாக இருந்தது. அது சூடாகும், அதனால் துணி, பாய் எதுவும் மேலே விழாத இடத்தில் வைக்க வேண்டும். பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒயரில், கிளம்பும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும். செட்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் போட்டால், நடுவழியில் ஒயர் உரசித் தேய்ந்து பாடியில் பட்டால் எரிவதைத் தடுக்க எதுவும் இல்லை. செட்டின் பின்னால் ஒயர்கள் சேரும் கப்ளரில் மஞ்சள் ஒயர் எப்போதும் கரண்ட் இருக்க வேண்டியது, சிவப்பு ஒயரில் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வர வேண்டும். இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டால் சாவியை எடுத்தாலும் செட் அணையாது, வண்டி நிற்க நிற்கப் பேட்டரி வடியும். ரிவர்ஸ் கேமரா வைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ரிவர்ஸ் விளக்குக்குப் போகும் ஒயரில் வருவதும் 24 வோல்ட்தான். என் முதல் கேமரா அதில்தான் எரிந்தது. நடுவில் ஒரு ரிலே (கரண்ட்டால் இயங்கும் சுவிட்ச்) போட்டு, கேமராவுக்குக் கன்வெர்ட்டரிலிருந்து 12 எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் ஜி.பி.எஸ். ஆன்டெனா. நம் ஊரில் கட்டும் கேபினில் செட்டுக்குக் கண்ணாடிக்கு மேலே, கூரையை ஒட்டி ஒரு பெட்டி வைப்பது பழைய வழக்கம். பாட்டுப் பெட்டிக்கு அது சரி. வழி பார்க்க அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தால் ரோட்டை யார் பார்ப்பது? அதனால் டேஷ்போர்டில், ஸ்டியரிங்குக்கு இடது பக்கம், 180 மில்லிமீட்டர் அகலம் 100 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தட்டை வெட்டி உட்காரவைத்தோம். ஆன்டெனாவை மட்டும் எலக்ட்ரீசியன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று மேலே இருக்கும் பெட்டிக்குள் போட்டுவிட்டார். வண்டி எங்கே நிற்கிறது என்றே செட்டுக்குத் தெரியவில்லை. 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னல் அது, வந்து சேரும்போது மிக மெலிந்திருக்கும். இரும்புக் கூரையைத் தாண்டாது, கண்ணாடியைத் தாண்டும். முன் கண்ணாடிக்குக் கீழே, கன்வெர்ட்டருக்கும் அதன் ஒயர்களுக்கும் தள்ளி, வானத்தைப் பார்த்தபடி ஒட்டிய பிறகு ஒரு நிமிடத்தில் பிடித்தது.

அண்ணன் அதை முதலில் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் இருந்தது. மைசூர் லோடு ஒன்று வந்தபோது செட் திம்பம் வழியைக் காட்டியது. அந்த 27 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கட்டும், 2022 பிப்ரவரியிலிருந்து அந்தச் சத்தியமங்கலம் புலிகள் காப்பகச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் காலை 6 மணி வரை லாரிக்கு அனுமதி இல்லை. செட்டுக்கு அது காருக்கான வழி, எங்கள் வண்டி கார் இல்லை. அண்ணன் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓசூர், பெங்களூரு சுற்றிப் போனார். ஆனாலும் ஹைதராபாத்தில் எந்த எக்ஸிட்டில் இறங்க வேண்டும் என்று தமிழில் குரல் சொன்னபோது அவருக்கு அது பிடித்துப்போனது. "தெரிஞ்ச ஆள் பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி இருக்குதுங்க தம்பி" என்றார்.

கர்னூலுக்கு முன்னால்

2022 நவம்பரில் செட் திருட்டுப் போயிற்று. கர்னூலுக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்கில் இரவு வண்டியை நிறுத்திவிட்டு, அண்ணன் எதிரில் இருந்த தாபாவுக்குச் சாப்பிடப் போயிருக்கிறார். முக்கால் மணி நேரம். கதவுக் கண்ணாடியின் ரப்பர் பீடிங்கை அறுத்து, கண்ணாடியை நெம்பிக் கழற்றி, சத்தமில்லாமல் உள்ளே போயிருக்கிறார்கள். ஒயர்கள் கட்டிங் பிளேயரால் ஒரே வெட்டு. டீசல் டேங்க்கைத் தொடவில்லை, ஸ்டெப்னி இருந்தது, லோடும் இருந்தது. காலை 5 மணிக்கு அண்ணன் போன் செய்தார். "செட்டு போச்சுங்க தம்பி" என்றவர், நான் எதுவும் கேட்கும் முன்பே, "நான் வண்டிய விட்டுட்டுப் போயிருக்கக் கூடாதுங்க" என்றார்.

போலீஸில் எழுதிக் கொடுத்தால் ஒரு நாள் போகும், லோடுக்குக் கெடு இருந்தது. அதனால் வந்துவிடச் சொன்னேன். இன்சூரன்ஸில் ஏதாவது கிடைக்குமா என்று பாலிசியை எடுத்துப் படித்தேன். பலர் இதைப் படித்திருக்க மாட்டீர்கள், சரக்கு வண்டி பாலிசியின் விலக்குகளில் தெளிவாகவே எழுதியிருக்கிறது: வண்டியோடு சேர்ந்து திருடு போனால் தவிர, துணைக்கருவிகள் மட்டும் திருடு போனால் பணம் இல்லை. அதாவது லாரியே காணாமல் போனால்தான் செட்டுக்கும் கணக்கு.

இந்தத் தொழிலில் வழியில் தொலைந்த பொருளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தார்ப்பாய் போனாலும் ஜாக்கி போனாலும் பாதி டிரைவர் கணக்கில் எழுதுவார்கள். செட்டுக்கும் மாட்டு கூலிக்கும் சேர்த்து எனக்கு 11,000 ரூபாய் ஆகியிருந்தது. 4,000 ரூபாயை அண்ணன் கணக்கில் எழுதினேன். பாதிகூட இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் நடைக் கணக்கு நோட்டில் கையெழுத்துப் போட்டார். மறுப்பு சொல்லவில்லை. இரண்டு நடையில் 2,000, 2,000 என்று கழிந்தது. அவர் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பட்டறையில் ஒருவர், "டிரைவருக்குத் தெரியாம செட்டு போகுமா?" என்று கேட்டபோது நான் அங்கேயே அவரை மறுத்துப் பேசவில்லை. அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும்.

ஜனவரியில் இரண்டாவது செட் வாங்கினேன். இந்த முறை திருடனுக்கு எதிராக எல்லாம் செய்தேன். செட்டின் இரும்பு உறையில் வண்டி நம்பரை நான்கு பக்கமும் செதுக்கினேன், விற்கப் போனால் கேள்வி வரும். திரையைச் சுற்றியுள்ள சட்டத்திலும் நம்பரைப் பொறித்தேன். செட்டுக்குப் பின்னால் இரும்புப் பட்டை கொடுத்து, டேஷ்போர்டுக்குள் ஓடும் குறுக்குச் சட்டத்தில் போல்ட் போட்டு, முறுக்கியதும் தலை உடைந்துவிடும் போல்ட்டாகப் பார்த்து மாட்டினோம். ஸ்க்ரூடிரைவரால் கழற்ற முடியாது. திரைக்கு முன்னால் டேஷ்போர்டின் அதே சன்மைக்கா ஒட்டிய பிளைவுட் மூடி. மூடிவிட்டால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் செட் இருப்பதே தெரியாது. என்னைக் கேட்டால் இந்த மூடிதான் இத்தனையிலும் உருப்படியானது. செட்டில் கடவுச் சொல் பூட்டும் இருந்தது, ஆனால் திருடன் அதைக் கண்டுபிடிப்பது கொண்டுபோன பிறகுதான், அதற்குள் கண்ணாடியும் டேஷ்போர்டும் உடைந்திருக்கும். கதவு சுவிட்சில் ஒரு சைரன் வைத்தோம். அது கிளீனர் இறங்கினாலும் கத்தியது, இரண்டு நடையில் அண்ணன் ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

அண்ணனிடம் செட்டைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். "இனிமே பயமில்லைங்கண்ணா" என்றேன். அவர் மூடியைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். அன்றைக்கு அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.

ஹிங்கன்காட்

2023 மே மாதம் கிளீனர் பையனுக்குக் காய்ச்சல். ஆள் கிடைக்காமல் நானே நாக்பூர் நடைக்கு அண்ணனோடு போனேன். கல்லூரி நாட்களில் அப்பாவோடு போனது, அதற்குப் பிறகு இவ்வளவு தூரம் போனதில்லை. நாக்பூர் இருக்கும் விதர்ப்பாவில் மே மாதம் பகலில் 45 டிகிரியைத் தொடும். எங்கள் மாதிரிப் பழைய கேபினில் என்ஜின் பானட் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவில் இருக்கிறது, வண்டியை நிறுத்திய பிறகும் மூன்று நான்கு மணி நேரம் அடுப்பு மாதிரி அனல் விட்டுக்கொண்டே இருக்கும். ஆதிலாபாத்தைத் தாண்டி, ஹிங்கன்காட்டுக்கு முன்னால் ஒரு தாபாவில் இரவு பதினொரு மணிக்கு நிறுத்தினோம். ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டோம். தாபா முன்னால் வேப்ப மரத்தடியில் வரிசையாகக் கயிற்றுக் கட்டில்கள். பஞ்சாப் வண்டிக்காரர்கள், ராஜஸ்தான் வண்டிக்காரர்கள், நம் சங்ககிரி வண்டிக்காரர் ஒருவர், எல்லாரும் ஈரத் துண்டை மேலே போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். லேசாகக் காற்று வந்தது. இரண்டு கட்டில் காலியாக இருந்தது. நான் ஒன்றில் உட்கார்ந்தேன்.

அண்ணன் உட்காரவில்லை. சொம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் போனார். கேபினில் ஏறி, இரண்டு பக்கக் கண்ணாடியையும் ஏற்றினார். மேலே விரல் நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவது தெருவிளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. ஏதோ எடுக்கப் போயிருக்கிறார் என்று காத்திருந்தேன். வரவில்லை. எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். திறந்தார். உள்ளேயிருந்து வந்த அனல் என் முகத்தில் அடித்தது.

"என்னண்ணா, இங்கயா படுக்கறீங்க? கட்டில் இருக்குதே."

"செட்டு இருக்குதுங்களே தம்பி."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. தார்ப்பாய்க் கயிற்றைச் சரிபார்த்தாயிற்று என்று சொல்வது போலச் சொன்னார். ஜனவரியிலிருந்து இப்படித்தானா என்று கேட்டேன். "முன்னாடி வெளியதான் படுப்பனுங்க. இப்ப சாப்பிடப் போறப்பக்கூட நானும் பையனும் மாத்தி மாத்தித்தான் போறமுங்க" என்றார். ஐந்து மாதம். மாதத்துக்கு மூன்று நடை. ஒவ்வொரு நடையிலும் போக இரண்டு இரவு, வர இரண்டு இரவு.

அந்த இரவு நானும் கேபினில்தான் படுத்தேன். மேல் பெர்த்தில் கூரை முகத்துக்கு ஒரு முழம் மேலே இருந்தது, கூரையே சூடாக இருந்தது. மூன்று மணிவரை தூக்கமே வரவில்லை. அண்ணனும் தூங்கவில்லை, புரண்டுகொண்டே இருந்தார், தண்ணீரைத் தொட்டு நெஞ்சில் தடவிக்கொண்டார். 5 மணிக்கு எழுந்து முகம் கழுவி, டீ குடித்து, 25 டன்னுக்கு மேல் கனத்த வண்டியை எடுத்து ஓட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கண்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். வழி தவறாமல் இருக்கத்தான் இந்தச் செட்டை வாங்கினேன். அதை மாட்டிய பிறகு, வண்டியை ஓட்டுகிறவர் ஐந்து மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. இரும்புப் பட்டையும் போல்ட்டும் மூடியும் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. நோட்டில் நான் எழுதிய 4,000 ரூபாய்தான் அவரைக் கேபினுக்குள் படுக்க வைத்திருந்தது. ஒரு டிரைவரின் தூக்கம் என்பது அவர் சொந்த விஷயம் இல்லை, எதிரே வருகிற அத்தனை பேரின் உயிரும் அதில்தான் இருக்கிறது. தொப்பூர் கணவாயில் இறங்குகிற வண்டியில் கண் அசந்தால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஊருக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, தன் காலத்தில் டேப் ரெக்கார்டர் செட்டுக்கு முன்னால் கைப்பிடி இருந்ததை நினைவுபடுத்தினார். சட்டத்தோடு அப்படியே உருவி எடுத்துவிடலாம். சாப்பிடப் போகும்போது கையில் தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைத்துக்கொள்வார்களாம். "ஆள் பொருளோட இருக்க முடியாது. பொருள் ஆளோட போகோணும்" என்றார்.

மறுநாள் பட்டறைக்குப் போய்ச் செட்டைக் கழற்றச் சொன்னேன். தலை உடைந்த போல்ட்டுகளைத் துளை போட்டு எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இடத்தில் பழைய சின்னச் செட்டை, திரை இல்லாததை, திரும்ப வைத்தோம். அதை யாரும் திருட மாட்டார்கள், திருடினாலும் போகட்டும். டேஷ்போர்டின் மேல், கண் மட்டத்தில், அதிராமல் நிற்கும்படி இரும்புத் தகட்டில் போல்ட் போட்ட ஒரு போன் தாங்கி. அந்தக் கன்வெர்ட்டரிலிருந்தே சார்ஜர். 7 இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவான ஒரு போனை வழி பார்க்க மட்டும் என்று வாங்கி, சேலத்திலிருந்து நாக்பூர் வரை வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்தேன், ஆதிலாபாத் காட்டுப் பகுதியில் சில இடங்களில் டவர் கிடைக்காது. குரல் புளூடூத் வழியாகச் சின்னச் செட்டின் ஸ்பீக்கரில் வருகிறது. திரை சின்னதுதான், ரிவர்ஸ் கேமரா இல்லாமல் போயிற்று. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, கேமரா உண்மையிலேயே பயனுள்ளது. வண்டியை விட்டு இறங்கும்போது போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதான். காலித் தாங்கி கண்ணில் பட்டால் போன் எங்கேயாவது இருக்கும் என்று திருடன் தேடுவான் என்பதால் தாங்கியின் தலையையும் கழற்றி வைத்துவிடச் சொல்லியிருக்கிறேன். வண்டியில் திருட எதுவும் இல்லை என்று வெளியிலிருந்தே தெரியும்படி டேஷ்போர்டு வெறுமையாக இருக்கிறது.

அடுத்த நடை கிளம்பும் முன் கணக்கு நோட்டை எடுத்தேன். நவம்பர் பக்கத்தைத் திருப்பி, 4,000 என்று எழுதியிருந்த வரிக்கு எதிரே 'திருப்பிக் கொடுத்தது' என்று எழுதி, பணத்தை நோட்டுக்குள் வைத்து அண்ணனிடம் கொடுத்தேன். இனி வண்டியிலிருந்து எது போனாலும் உங்கள் கணக்கில் வராது, எங்கே காற்று வருகிறதோ அங்கே படுங்கள் என்று சொன்னேன். அவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். மேல் சட்டைப் பையில் போன் இருந்ததால் பணத்தை லுங்கி மடிப்பில் சொருகிக்கொண்டார். பக்கத்தின் அடியில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு நோட்டை நீட்டி, "லோடு எத்தனை மணிக்குங்க தம்பி?" என்று கேட்டார்.